தவறவிடும் கலை: வானம் பார்ப்போருக்கு ஒரு கையேடு

வானத்தைப் பார்ப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எந்தத் திசை, எத்தனை மணி, அடிவானத்திலிருந்து எத்தனை பாகை என்று புட்டுப்புட்டு வைக்கிறார்கள். அதை நம்பி மாடியேறியவர்கள் கழுத்துப் பிடிப்போடு இறங்கியதுதான் மிச்சம். நான் சொல்லித்தரப்போவது வேறு சங்கதி. வானத்தில் ஒன்று நடக்கும்போது அதை முறையாக, தக்க சாக்குப்போக்கோடு, மறுநாள் ஆபீசில் எடுத்துச் சொல்லும்படி தவறவிடுவது எப்படி என்பது. இதில் எனக்கு ஏறக்குறைய நாற்பதாண்டு அனுபவம்.

1986-ல் ஹாலி வால் நட்சத்திரம் வந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பா விடியற்காலையில் எழுப்பி, தோளில் தூக்கி உட்காரவைத்து, "அதோ பாரு, அதோ" என்று கையை நீட்டினார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில் இருந்த சிவப்புக்கல் மோதிரம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஹாலி மறுபடி வருவது 2061-ல். அடுத்து ஹேல்–பாப். அது பதினெட்டு மாதம் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த வால் நட்சத்திரம். அதைத் தவறவிட உண்மையிலேயே திறமை வேண்டும். 1997 மார்ச், ஏப்ரலில் அது உச்சப் பிரகாசத்தில் இருந்தபோது வீட்டில் பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "பரீட்சை முடியட்டும், வானம் எங்கே ஓடிப்போயிடும்?" என்றாள் அம்மா. வானம் ஓடவில்லை. வால் நட்சத்திரம் ஓடிவிட்டது.

சரி, பாடத்துக்கு வருவோம். எதைத் தவறவிடுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இதற்கு வாட்ஸ்அப் குழுவைவிட நல்ல துணை கிடையாது. ஆகஸ்ட் பிறந்தால் "செவ்வாய்க் கிரகம் நிலா அளவுக்குத் தெரியும், வானில் இரண்டு நிலா" என்று ஒரு செய்தி வரும். 2003 ஆகஸ்ட் 27-ல் செவ்வாய் பூமியிலிருந்து சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு நெருங்கியது உண்மை. எழுபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலா தெரிகிற அளவில் தெரியும் என்று யாரோ எழுதினார்கள். தொலைநோக்கி வழியில் எங்கோ உதிர்ந்துபோக, நிலா மட்டும் ஊர் ஊராகப் பயணம் போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் செய்திக்கு மாடியேறினால் தோல்வி நூற்றுக்கு நூறு உறுதி. ஆரம்பப் பயிற்சிக்கு உகந்தது.

சூப்பர் மூன் அதற்கடுத்த வகுப்பு. அந்தப் பெயரை 1979-ல் வைத்தவர் ஒரு அமெரிக்க ஜோசியர். மிக அருகில் வரும் முழுநிலா, மிகத் தூரத்தில் இருக்கும் முழுநிலாவைவிடக் குறுக்களவில் 14 சதவீதம் பெரிது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்; வானத்தில் அந்த வசதி இல்லை. தனியாகப் பார்க்கும்போது அது, ஒரே மாவில் வார்த்த இட்லிக்கும் இட்லிக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே சூப்பர் மூனைப் பார்த்துக்கொண்டே தவறவிடலாம்.

கொஞ்சம் தேறியவர்கள் 2024-ன் நோவாவை எடுத்துக்கொண்டார்கள். வடமகுடம் என்ற விண்மீன் கூட்டத்தில் 1866-லும் 1946-லும் திடீரென்று பிரகாசமான ஒரு விண்மீன், எண்பது ஆண்டுக் கணக்குப்படி மறுபடி எரியும், ஒருவேளை அந்தக் கோடையிலேயே எரியும் என்று வானியலாளர்கள் சொன்னார்கள். நான் ஒரு மடக்குக் கட்டில் வாங்கினேன். அந்த வருஷம் முடியும்வரை விண்மீன் அசையவில்லை. கட்டிலில் இப்போது வடாம் காய்கிறது.

அடுத்தது இடம். மொட்டை மாடி உங்களுடையது என்று நினைத்தால் இந்தக் கலையில் நீங்கள் இன்னும் கைக்குழந்தை. அடுக்ககத்தில் மாடி என்பது சாவி; சாவி என்பது செக்ரட்டரி. 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம். பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டேகால் தாண்டியும், எண்பத்திரண்டு நிமிடம், நிலா பூமியின் நிழலுக்குள் முழுசாக மூழ்கிக் கிடந்தது. மாடிக்கதவு பத்து மணிக்குப் பூட்டப்படும் என்பது எங்கள் அசோசியேஷன் தீர்மானம். பத்தே முக்காலுக்குச் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சார், கிரகணம். ஒரு மணி நேரம் சாவி வேணும்."

"கிரகண நேரத்துல இரும்பைக் கையால தொடக்கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க சார். சாவி இரும்பு பாருங்க."

கதவுச் சந்தில் அவருடைய மாமியார் நின்றிருந்தார். இதற்கு மேல் வாதாட முடியாது. தெருவுக்கு இறங்கினால் நகராட்சி புதிதாகப் போட்ட எல்இடி விளக்கு, கீழே விழுந்த ஊசியைப் பொறுக்கலாம் என்கிற வெளிச்சம். விளக்குக்கு நேர் மேலேதான் நிலா. ஒரு கையால் விளக்கை மறைத்துக்கொண்டு பார்த்தேன். செம்பட்டையாக என்னவோ தெரிந்தது. நிலாவாகவும் இருக்கலாம், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியாகவும் இருக்கலாம்.

ஆனால் சாவியும் விளக்கும் சில்லறை விவகாரம். இந்தக் கலையின் மூலப்பொருள் மேகம். அதற்கு ஆதிகுரு என்று ஒருவர் உண்டு. அவர் தோற்றது நம் புதுச்சேரியில். பெயர் கியோம் லெ ஜாந்தி, பிரெஞ்சு வானியலாளர். சூரிய வட்டத்தின் மேல் வெள்ளி ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து போவதை உலகின் பல மூலைகளிலிருந்து பார்த்து நேரம் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1761 ஜூன் 6-ல் அப்படி ஒரு வெள்ளி நகர்வு. அதைப் பார்க்க 1760-லேயே பிரான்சிலிருந்து கப்பலேறினார். மொரீஷியஸ் போய், அங்கிருந்து கிளம்பி, மலபார்க் கரையை நெருங்கியபோது சேதி வந்தது: புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. வெள்ளி நகர்வு நாளன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மனிதர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது, கோணம் அளக்க முடியாது. பார்த்தார், அவ்வளவுதான்.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குப் போயிருப்பார்கள். வெள்ளி நகர்வு இரட்டையாக வரும். அடுத்தது எட்டு வருஷத்தில். லெ ஜாந்தி இந்தியப் பெருங்கடல் பக்கமே தங்கிவிட்டார். மணிலாவுக்குப் போய்க் கருவிகளை நிறுவினார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியிருக்கிறது, அங்கே போவதே நல்லது என்று பாரிசிலிருந்து உத்தரவு வந்ததும் 1768-ல் வந்து சேர்ந்தார். இடிந்த கோட்டையின்மேல் ஒரு வான்நோக்கு நிலையம் கட்டிக்கொண்டார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள், நேற்றைய பகைவர்கள், ஒரு நல்ல தொலைநோக்கியைக் கடனாக அனுப்பினார்கள். 1769 மே மாதக் காலைகள் பளிங்கு. முந்தைய மாலைகூட கவர்னருக்கு வியாழனின் நிலாக்களைக் காட்டி மகிழ்ந்தார். ஜூன் 4 விடியற்காலை கண் விழித்தபோது வானம் மூடிக்கிடந்தது. வெள்ளி நகர்வு முடிகிறவரை மேகம் அசையவில்லை. முடிந்து சற்றைக்கெல்லாம் சூரியன் வந்தது. அன்று முழுக்க வெயில் கொளுத்தியது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவிலோ வானம் தெளிவாக இருந்ததாம்.

ஊர் திரும்பினால் அங்கே அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, உறவினர்கள் சொத்தைப் பங்கிடும் வேலையில் இருந்தார்கள். பாரிஸ் அறிவியல் அகாதெமியில் அவர் நாற்காலி இன்னொருவருக்குப் போயிருந்தது. பதினோரு வருஷத்துக்கு மேல் செலவழித்து ஒரு கரும்புள்ளியைக்கூட அளக்காமல் வருவது சாதாரணக் காரியமா? நான் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நடப்பேன். கடைசி வெள்ளி நகர்வு 2012 ஜூன் 6-ல் வந்தது. அன்று காலை ஏழு மணிக்கு நான் கேஸ் சிலிண்டருக்காகக் காத்திருந்தேன். அடுத்தது 2117 டிசம்பரில். அவசரமில்லை.

மேகத்தை வரவழைப்பது எப்படி என்று கேட்பீர்கள். சென்னைக்காரர்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், தேதியைச் சொன்னால் போதும். இதற்கு நூற்றைம்பது ஆண்டுப் பாரம்பரியம் இருக்கிறது. பியெலா என்றொரு வால் நட்சத்திரம் இரண்டாக உடைந்து, பிறகு காணாமலே போனது. 1872 நவம்பர் 27 இரவு, அதன் பாதையைப் பூமி கடந்தபோது ஐரோப்பாவில் எரிநட்சத்திர மழை கொட்டித் தீர்த்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபூஸுக்கு ஒரு யோசனை: வால் நட்சத்திரம் பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால், இப்போது தெற்கு வானத்தில் தெரிய வேண்டும். தெற்கே தொலைநோக்கி வைத்திருக்கும் ஆள் யார்? நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வான்நோக்கு நிலையத்தின் நார்மன் போக்சன். தந்தி பறந்தது. எங்கே தேட வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

போக்சன் தேடினார். முதலில் மேகம், மழை. டிசம்பர் மாதச் சென்னையில் வேறென்ன இருக்கும்? பிறகு மேகம் விலகிய விடியலில், சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வால் நட்சத்திரம் அகப்பட்டது. மறுநாளும் பார்த்தார். அதற்குப் பிறகு மறுபடியும் மேகம். திறந்தபோது அது போய்விட்டிருந்தது. ஒரு வால் நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட மூன்று நாள் பதிவாவது வேண்டும். போக்சனிடம் இருந்தது இரண்டு. அது பியெலா இல்லை, இருக்க முடியாது என்பது பிறகு கணக்குப் போட்டதில் தெரிந்தது. அப்படியானால் எது? யாருக்கும் தெரியாது. தந்தி சொன்ன இடத்தில், தந்திக்குச் சம்பந்தமில்லாத ஒரு வால் நட்சத்திரம் தற்செயலாக நின்றிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அதைப் பாதியில் திரைபோட்டு மூடிவிட்டது. எனக்கு இந்தக் கதையில் வால் நட்சத்திரத்தைவிட அந்த மூன்றாம் நாள் மேகத்தின் மேல்தான் ஆசை.

2024 அக்டோபரில் அந்த மேகம் எனக்கும் கிடைத்தது. சுசின்ஷான்–அட்லஸ் வால் நட்சத்திரம், எண்பதாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை என்று செய்தியில் சொன்னார்கள். மாதத்தின் நடுவாக்கில், சூரியன் விழுந்ததும் மேற்கே பார்த்தால் போதும். அக்டோபர் 15 அன்று மாலை நானும் மேற்கே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வைப்பர் அடிக்கிற கண்ணாடி வழியாக. வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்த இடம் இருக்கிறதா என்று. கனமழை எச்சரிக்கை வந்ததும் பேட்டைவாசிகள் எல்லோரும் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வேனுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே செருகிவிட்டு, குடை பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். பக்கத்துக் காரிலிருந்து ஒருவர் இறங்கி, "என்ன சார் பாக்கறீங்க, இன்னும் பெய்யுமா?" என்றார். "வால் நட்சத்திரம்" என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சார், பெய்யும் போலத்தான் இருக்கு" என்றேன்.

சூரியச் சுடர்களைத் தவறவிட உழைப்பே தேவையில்லை. சோம்பேறிகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். சோலார் ஃப்ளேர் என்று செய்தியில் அடிபடுவது இதுதான். சூரியனில் முறுக்கிக்கொண்ட காந்தப்புலம் பட்டென்று அறுந்து மறுபடி சேரும்போது கிளம்பும் வெடிப்பு. ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. அதன் ஒளி இங்கே வர எட்டு நிமிடம் இருபது விநாடி. "சூரியனில் வெடிப்பு" என்று தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்து ஓடும் நேரத்தில் வெடிப்பு முடிந்து நாற்காலியெல்லாம் மடக்கி வைத்திருப்பார்கள். சில வெடிப்புகளோடு மின்னூட்டத் துகள்கள் மேகமாகக் கிளம்பி, ஒன்றிரண்டு நாளில் பூமிக்கு வந்து சேரும். அதுதான் சூரியப் புயல். 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் போனது அதனால்தான். எங்கள் பகுதியில் ஒன்பது மணி நேரம் கரண்ட் போவதற்குச் சூரியனை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

2024 மே 10, 11-ல் இருபது ஆண்டுகளில் வராத புயல் வந்தது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படமெடுத்தார்கள். அன்றிரவு எங்கள் குழுவில் சிவந்த வானப் படம் ஒன்று வந்தது, "சென்னையில் துருவ ஒளி!" என்று. பார்த்தால் துணிக்கடை விளம்பரப் பலகை. துருவ ஒளி துருவங்களுக்குப் பக்கத்தில் பிறப்பது. பூமியின் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. துருவ ஒளி கேட்டு அந்த ஊரில் மாடியேறுவது, அல்வாக் கடையில் போய் ஐஸ்கட்டி மீன் கேட்பது மாதிரி. ஆனாலும் அங்கே ஒன்று நடக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. சூரியனில் பெரிய சுடர் வெடித்தால் அந்த ஆறு பொங்கும். கிருஷ்ணாபுரத்தில் உள்ள புவிகாந்த ஆய்வுக்கூடத்தில் கருவியின் கோடு துள்ளும். கண்ணுக்கு ஒரு பொட்டும் தெரியாது. பக்கத்து வயலில் நாற்று நடுகிறவர்கள் நட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கொடைக்கானல் போய்ச் சூரியனைப் பார்க்கலாமே என்று கேட்டான் என் பையன். நல்ல யோசனைதான். அங்கே 1899-லிருந்து சூரிய வான்நோக்கு நிலையம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டுபிடித்தது அங்கேதான். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படமெடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேகம் இருந்தால் இல்லை, இல்லாவிட்டால் உண்டு, அவ்வளவுதான் அவர்களுக்கு. அதிகாலையில் காற்று சலனமில்லாமல் இருக்கும், அப்போதுதான் சூரியனின் விளிம்பு நடுங்காமல் தெரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தது மத்தியானம் மூன்று மணி. பனிமூட்டத்தில் எதிரே வந்த குதிரையே மேலே மோதிய பிறகுதான் தெரிந்தது.

ஒரே ஒரு தடவை இந்தக் கலையில் நான் தோற்றிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்க. 2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திருச்சி வழியாக அந்தப் பாதை போனது. கரூர்ப் பக்கம் அத்தை வீடு. முந்தின ராத்திரியே பஸ் பிடித்துப் போனேன். பையில் சூரியக் கண்ணாடி இருந்தது, தரச்சான்று பெற்றது. இதில் மட்டும் விளையாட்டு இல்லை: எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகை படிந்த கண்ணாடி எதையும் நம்பிச் சூரியனைப் பார்க்காதீர்கள், விழித்திரை வெந்தால் வலிக்கக்கூடச் செய்யாது.

காலை எட்டு மணிக்கு அத்தை வாசல் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். சாதத்திலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பை. நடு வீட்டில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தாள். கிரகணம் விட்டதும் சாய்ந்துவிடுமாம். அடி தட்டையாக இருந்தால் அது எல்லா நாளும் நிற்கும் என்றேன். "அப்ப நீயும் நில்லு, வெளிய போகாத" என்றாள். மருமகள் மாசமாக இருக்கிறாள், கதவைத் திறக்கவே கூடாது. முந்நூற்றைம்பது கிலோமீட்டர் வந்து, நேர் பாதையில் நின்றுகொண்டு, ஓட்டு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தேன். லெ ஜாந்தியின் ஆசி பரிபூரணமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிரகணம் பிடிக்கும் நேரம், விடும் நேரம் எல்லாம் அத்தை நாள்காட்டியில் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தாள். என் செல்போன் செயலியும் அதையேதான் சொன்னது. 1825-ல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாட்டை வைத்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். அது தொடங்கும் நேரத்தில் வந்த பிழை நாலே நிமிடம்தான் என்று வானியலாளர் ஜான் வாரன் எழுதி வைத்திருக்கிறார். கணக்கு நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. கதவுதான் திறப்பதில்லை.

ஒன்பதரைக்கு வீட்டுக்குள் வெளிச்சம் ஒரு மாதிரி சோர்ந்தது. அந்தி இல்லை, மேகமும் இல்லை. அடுக்களைப் பக்கம் போன அத்தை அங்கிருந்து கூப்பிட்டாள்.

"டேய், இதென்னடா செவுத்துல?"

ஓட்டில் எங்கோ ஒரு பொத்தல், மிளகு நுழையும் அளவு. தினமும் அதன் வழியாக விழுகிற வெயில் சுவரில் வட்டப் பொட்டாகத்தான் இருக்கும். இப்போது அது வட்டமாக இல்லை. நடுவில் இருட்டு, சுற்றிலும் வெளிச்சம். குழந்தை வளையலைச் சுவரில் ஒட்டியது போல. பொத்தல் ஒன்றல்ல, அரிசிப் பானை மேல் ஒன்று, அம்மிக்குப் பக்கத்தில் ஒன்று, உறியில் தொங்கிய எண்ணெய்ச் சட்டியின் வயிற்றில் கோணலாக ஒன்று. அத்தை அம்மிப் பக்கத்து வளையத்தில் உள்ளங்கையை வைத்தாள். வளையம் அவள் கையில் ஏறிக்கொண்டது. விரலை மடக்கினாள், ரேகையோடு சேர்ந்து அதுவும் நெளிந்தது. மருமகள் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். ஏறக்குறைய மூன்று நிமிடம். பிறகு ஒரு பக்கம் தடித்து, பிறைகளாகி, மெல்ல மெல்லப் பெருத்து, வெகுநேரம் கழித்துப் பழையபடி வட்டப் பொட்டுகளாகிவிட்டன.

"அவ்வளவுதானா?" என்றாள் அத்தை. பிறகு குளிக்கப் போனாள். உலக்கை சாயாமல் அன்று சாயங்காலம் வரை நின்றது.

அந்தத் தவறு இனி நடக்காது. 2031 மே 21, புதன்கிழமை, நம் பக்கத்து அடுத்த வளைய கிரகணம் மதுரை வழியாகப் போய் யாழ்ப்பாணம் தாண்டுகிறது. நண்பகலை ஒட்டிய நேரம். கத்திரி வெயில், மேகம் வர வாய்ப்பு குறைவு, அதுதான் கவலையாக இருக்கிறது. மதுரையில் சித்தி பையனுக்குத் தனி வீடு, மாடி அவனுடையதே, செக்ரட்டரி கிடையாது. போன வாரம் போன் போட்டு இப்போதே சொல்லி வைத்தேன்.

"மத்தியானமாண்ணே? அன்னைக்குச் சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பேன். நீங்களே மேல போய்ப் பாருங்க" என்றான். "சாவி எங்க வெச்சோம்னுதான் தெரியல. ரெண்டு வருஷமா மாடிக் கதவையே திறக்கல."